கீழ்க்குரல்

விருந்துகளில் யாராவது பாட்டைப்பற்றிப் பேச்செடுத்தால், பன்னிரண்டு வயதில் நான் ஒரு பாட்டுக் குழுவின் முதன்மைப் பாடகன் என்று சொல்லிவிடுவேன். குறைந்தது முப்பது வீடுகளிலாவது சொல்லியிருப்பேன். அழைத்தவர்கள் நல்லவர்கள், ஒருவர்கூடப் பாடிக் காட்டச் சொன்னதில்லை. அது பொய். அதைவிட வெட்கக்கேடு, அது பொய் என்பது போன மாதம்வரை எனக்கே தெரியாது.

நாங்கள் கனடாவுக்கு வந்து அஜின்கோர்ட்டில் குடியிருந்த காலம். நாலைந்து பெடியள் சேர்ந்து குரல்மேல் குரல் அடுக்கிப் பாடும் குழுக்கள்தான் அப்போது றேடியோவை ஆண்டன. பள்ளிக்கூட விழாவில் அப்படியொரு காதல் பாட்டைப் பாட ரீச்சர் எங்களில் நாலு பேரைத் தெரிந்தெடுத்தா. மெட்டு, கயானாவில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளைக்கு. அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஓடும் குரல் எனக்கு. மற்ற இருவரும் ‘ஊ’ என்றும் ‘ஆ’ என்றும் இழுக்க வேண்டும். காதலைப்பற்றி நால்வருக்கும் இருந்த அறிவு சமமானது.

வீட்டில் பாடிப் பழகியபோது அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அவர் பேக்கரி வான் ஓட்டுகிறவர். நாள் முழுக்க றேடியோதான்.

“உதென்னடா? மெட்டு இப்பிடி இல்லையே.”

“எனக்குத் தந்த பார்ட் இதுதான், அப்பா.”

“ஓ! நல்லதை அந்தப் பிள்ளைக்குக் குடுத்திட்டு, பிழையானதை உன்ரை தலையில கட்டிப்போட்டினம். அகதியா வந்த சனம்தானே, இதுகளுக்கு என்ன தெரியுமெண்டு நினைச்சிருக்கினம்.”

தேவாரம் கேட்டு வளர்ந்த மனுசன். பத்துப் பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான் என்பது அவருடைய நியாயம். வெள்ளிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகையிலும் வருகையிலும், காருக்குள் வைத்தே எனக்குச் ‘சரியான’ மெட்டைப் பாடமாக்கினார். தந்திரமும் சொன்னார்.

“பள்ளிக்கூடத்தில அவை சொல்லுற மாதிரிப் பாடு. மேடையில உண்மையான பாட்டை எடுத்து விடு.”

எடுத்து விட்டேன். அந்தப் பிள்ளையின் தாய், மகள் பாடுவதைக் கேட்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் இருந்தா. முடிந்ததும் மண்டபமே எழுந்து கைதட்டியது. எனக்குத்தான் என்பதில் சந்தேகமே வரவில்லை.

அன்றைக்கு அப்பா எடுத்த வீடியோவைப் போன மாதம் என் மகள் கணினியில் ஏற்றினாள். கொயரில், பல குரல் சேர்ந்த பாட்டுகள் பாடுகிறவள்.

“அப்பா, ஸ்டொப். திரும்பப் போடுங்கோ.”

போட்டேன். முதல் வரியிலேயே நான் மெட்டைப் பிடுங்கிக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை என்னை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாள். வாயை மூடுகிறாள். அடுத்த வரியில் கீழே இறங்கி, நான் அநாதையாக விட்டுவந்த குரலை எடுத்துக்கொள்கிறாள். பிறகு கடைசிவரை, தன் தாயின் கண்முன்னால், சிரித்த முகத்தோடு எனக்குப் பக்கப்பாட்டுப் பாடுகிறாள். அவளும் மெட்டை விடமாட்டேன் என்று நின்றிருந்தால் கீழ்க்குரல் இல்லாமல் பாட்டே விழுந்திருக்கும். அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான்.

“அவதான் உங்களைக் காப்பாத்தினவ,” என்றாள் மகள்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு எழுந்துநின்ற கைதட்டல் அது. அதைத் தந்தவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்தது என்றுகூட அறியவில்லை. அன்றைக்கு விழா முடிந்து காரில் ஏறியதும் அப்பா என் தலையைத் தடவினார். நானும் பெருந்தன்மையோடு, மற்றவர்கள் எப்படி என்று கேட்டேன்.

“ஊ, ஆ எண்ட பெடியள் பரவாயில்லை. அந்தப் பிள்ளைதான் பாவமடா, கடைசிவரைக்கும் மெட்டுப் பிடிபடேல்லை. நீ ஒருக்காச் சொல்லிக் குடு.”