ராப்பை மாண்டலினில் போட்டோம்

போன ஐப்பசியில் என் நண்பனின் அப்பா இறந்தார். கல்லறைக்குப் போகும் ரோடு பெரிய தெரு வழியாகத்தான் போகிறது. எங்கள் தெருச் சவப்பெட்டியை அதில் எடுத்துப்போக அந்தத் தெருக்காரர்கள் என்றைக்குமே விட்டதில்லை. முட்டளவு தண்ணீர் நின்ற நடவு வயலில் இறங்கித்தான் தூக்கிப்போனோம். நடுவயலில் முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி சாய்ந்து சேற்றில் இறங்கியது.

நண்பன் ராப் பாடுவான். அதையே பாட்டாக எழுதி, போனில் பீட் போட்டுக் கத்தினான். எங்கள் தெருவைத் தாண்டி யாரும் கேட்கவில்லை. பெரிய தெரு டீக்கடையில் ஒருவர், "என்னடா, சண்டைக்கு வர்ற மாதிரி கத்துறான்" என்று பாதியில் நிறுத்தச் சொன்னாராம்.

என் அப்பா அப்போதே படுக்கையில் இருந்தார். நுரையீரல். மூச்சு வாங்குவதற்கு நடுவே ஒன்றையே கேட்பார்: "என்னையும் சேத்துலதான் தூக்கிட்டுப் போவீங்களா?" வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ரோட்டில் விடச் சொல்லிக் கலெக்டருக்கு நான் எழுதிக் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் நாலு பேர், ஒரு ஹிப்ஹாப் பாட்டை பாஞ்சோ, பிடில், மாண்டலின் என்று கம்பி வாத்தியங்களை வைத்து அவர்கள் கிராமத்துப் பாட்டு மாதிரிப் பாடினார்கள். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் உட்கார்ந்து கேட்க முடிந்தது. மாதா கோயில் பாடல் குழுவில் நான் மாண்டலின் வாசிப்பவன்.

"இப்படிப் போட்டா கேப்பாங்கடா" என்றேன்.

"நீ வாசிச்சா பூசை வச்ச மாதிரி இருக்கும். நானே முட்டி போட்டுருவேன்" என்றான் நண்பன்.

"ஒரு வார்த்த மாத்த மாட்டேன்டா" என்றேன்.

மாற்றவில்லை. மெதுவாக்கினோம், அவ்வளவுதான். நடவுப் பாட்டின் இழுப்பு தானாக வந்து சேர்ந்தது. பாட்டு போன் போனாகப் போயிற்று. வைகாசியில் பெரிய தெருவில் ஒரு கல்யாண வரவேற்புக்கு எங்களைப் பாடக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போங்கடா. நேர்ல கேட்டா மனசு எறங்கும்."

பெட்டி சாயும் வரி வந்தபோது பந்தலில் சத்தம் அடங்கியது. சிலர் போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து மெல்ல அசைத்தார்கள். முடிந்ததும் ஒரே கைதட்டல். மாப்பிள்ளையின் அப்பா எங்களுக்குச் சால்வை போட்டார்.

"உருக்கமா இருக்கு தம்பி. எந்தப் படத்துல வருது?"

"நம்ம ஊர்தாங்க" என்றான் நண்பன். "அந்த வயலு உங்களோடதுங்க."

அவர் சமையல் பக்கம் திரும்பி, "தம்பிங்களுக்குச் சாப்பாட்டப் பொட்டலமாக் கட்டிக் குடுத்துருங்கப்பா" என்றார்.

"ராப்பாவே விட்டுருக்கலாம்டா" என்றான் நண்பன், திரும்பும் வழியில். "அப்ப அவங்களுக்குக் கோவமாவது வந்துச்சு."

காலையில் அப்பா கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"கை தட்டுனாங்கப்பா."

"ரோடு?"

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது புரட்டாசி. அந்த வயலில் நடவு முடிந்துவிட்டது. அப்பா கஞ்சியும் வேண்டாம் என்கிறார். ரோட்டைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார். பெரிய தெரு டிராக்டர்களில் எங்கள் பாட்டு ஓடுகிறது. நண்பன் தினமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வயலில் இறங்குகிறான். எந்தப் பக்கம் தரை கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்துவிட்டு வருகிறான்.