ரயிலேறிய பஞ்சு சாலட்

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பெங்களூருக்குப் போகும் காலை ரயிலின் மகளிர் பெட்டியில், பெண்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து உண்பார்கள். ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்யும் ஷோபா, பதினோரு ஆண்டுகளாக எலுமிச்சைச் சாதமே கொண்டுசென்றாள். “டப்பாவைத் தொறக்கவே வேணாக்கா, வாசனையே சொல்லுது” என்று தோழி சுமா போன மாதம் கேலி செய்ததை அவளால் பொறுக்க முடியவில்லை.

இம்முறை எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்று, சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் சமையற்காரராக இருந்த மாமனாரின் குறிப்பேட்டிலிருந்து ஓர் இனிப்புச் சாலட்டைத் தேர்ந்தெடுத்தாள். ஜெல்லியும் அன்னாசியும் அடித்த கிரீமும் சேர்ந்து பஞ்சாக எழும்ப வேண்டும். குறிப்பு டின் அன்னாசியைக் கேட்டது. கடைத்தெருவில் அது கிடைக்காததால் புதுப் பழத்தையே நறுக்கிப் போட்டாள். ஜெல்லி உறையவில்லை. இரண்டாவது பாக்கெட்டும் தண்ணீராகவே நின்றது.

“சனியனே, இறுகித் தொலையேன்!” என்று கிண்ணத்தைத் திட்டிய பிறகுதான், டின்னில் அடைப்பது வெந்த பழம், பச்சைப் பழம்தான் ஜெல்லியை இறுகவிடாமல் கெடுக்கிறது என்பது அவள் புத்திக்கு எட்டியது. பழத்தைக் கொதிக்கவைத்துச் சேர்த்தாள். மூன்றாவது ஜெல்லி இறுகியது; கிரீமோடு சேர்ந்து பஞ்சாகவும் எழும்பியது.

மறுநாள் காலை வண்டி ஆடிய ஆட்டத்தில், வழியில் பங்காருபேட்டை நிலையம் வருவதற்குள் பஞ்சு இளகிக் கூழாகிவிட்டது.

சுமா மூடியைத் திறந்து திகைத்தாள். “இன்னாக்கா இது? எலுமிச்சைச் சாதம் எங்க? அத நம்பித்தான் நாங்க மூணு பேரும் வெறும் அப்பளமும் ஊறுகாயும் எடுத்தாந்தோம்!”

ஷோபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போன மாசம் கேலி பேசின வாய்தானே இது? டம்ளரை நீட்டு. ஊறுகாயைத் தொட்டுக்கினு இதையே குடி!”