அக்காவிடம் சொல்லாத வழி

கணக்கில் அவன் வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்கு மெக்கானிக்கல் கிடைக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்காக அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும், அக்கா அவனை ஏசியதும் ஒரே சாயங்காலத்தில் முடிந்துபோயின. மறுநாள் மருந்துக்கடைக்குக் கிளம்பும் முன் ஈரத்தலையைத் துவட்டியபடியே அவள் கேட்டாள்:

"இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்னு ஒண்ணு இருக்கே, அது என்னடா?"

"யாரும் சேராதது, அக்கா."

"அப்ப உனக்குக் கிடைக்கும்."

முற்றிலும் அப்படியும் இல்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் தேறியிருக்க வேண்டும். கணக்கில் குறைந்தவர்களுக்குத் துறையே ஒரு தேர்வு வைக்கும். அந்தத் தேர்வுக்கு அக்காதான் அவனைத் தயார் செய்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் புலி. பள்ளி முடிந்த வருடம்தான் அம்மா இறந்துபோனாள். அதற்கடுத்து, பஸ் கண்டக்டராக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அக்கா மருந்துக்கடை பில் போடும் இடத்தில் உட்கார்ந்தாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை.

இடம் கிடைத்த அன்று அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, "அப்படின்னா என்ன படிப்பு?" என்று கேட்டார். வேலை நடக்கிற இடத்தில் ஆட்களும் பொருட்களும் எங்கே நிற்க வேண்டும், எப்படி நகர வேண்டும், எங்கே நேரம் வீணாகிறது என்றெல்லாம் பார்க்கிற படிப்பு என்று அவன் விளக்கினான். அப்பா யோசித்தார்.

"ஆயுசு பூரா பஸ்ல 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு கத்தினேனே, அதுக்கா பட்டம் தர்றாங்க?"

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் தளும்பியது. அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கல்லூரி தொடங்கிய முதல் வாரத்தில் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து நரை எட்டிப் பார்க்கிற ஒரு பெண் எழுந்தாள். பொதுமருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாளாம். வெளிநோயாளிகள் வரிசையில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போய், அந்த வரிசையையே சரி செய்ய முடியுமா என்று பார்க்க வந்திருக்கிறாளாம். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் நர்ஸம்மா.

இடைவேளையில் அவன்தான் போய்க் கேட்டான். "இத்தனை வருஷம் கழிச்சு எப்படிச் சேர்த்துக்கிட்டாங்க?"

"அதுக்குத் தனி வழி இருக்கு தம்பி. எந்த வேலையா இருந்தாலும் சரி, சில வருஷம் வேலை பார்த்திருந்தா போதும். முதல்ல கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் ஒரு இணைப்பு வகுப்பு நடத்துவாங்க. அதுல தேறினா சீட்டு. பேப்பர்ல எல்லாம் போட மாட்டாங்க. ஆஸ்பத்திரி, மில்லு மாதிரி இடத்துக்குத்தான் தகவல் அனுப்புவாங்க. உங்க வீட்ல யாராவது இருந்தா சொல்லு."

உங்க வீட்ல யாராவது. அவனுக்கு உடனே அக்காவின் முகம்தான் வந்தது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், சொல்லப்போகிற செய்தியின் பூரிப்பிலேயே நின்றுகொண்டு வந்தான்.

வீட்டில் அக்கா சாப்பாட்டு மேஜையில் அவனுடைய முதல் கால்குலஸ் பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவன் அங்கே விட்டுப் போனது. பென்சிலால் முக்கால்வாசி போட்டு முடித்திருந்தாள். "ஒண்ணு மட்டும் பிடி கொடுக்க மாட்டேங்குதுடா, வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே அப்பா தண்ணீருக்குக் குரல் கொடுத்தார். அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தான், அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தான், தலையணையைச் சரி செய்தான். திரும்பி வந்தபோது சொல்லவில்லை.

அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். அது பொய்யில்லை. ஆனால் மேஜைமேல் கிடந்த அந்தத் தாளும் ஒரு காரணம். அந்தப் பக்கம் மட்டும் அவன் மனதைத் திருப்பவேயில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றான். பரீட்சை முடியட்டும் என்றான். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதே சொல்லாமல் இருப்பதற்குப் புதுக் காரணமானது.

அந்தப் படிப்பு ஏணி மாதிரி. கால்குலஸ் தேறாமல் புள்ளியியல் எடுக்க முடியாது. புள்ளியியல் இல்லாமல் தரக்கட்டுப்பாடு வகுப்புக்குள் விடமாட்டார்கள். இரண்டும் இருந்தால்தான் ஓ.ஆர். என்று மாணவர்கள் நடுக்கத்தோடு சொல்கிற செயல்முறை ஆராய்ச்சி. ஒவ்வொரு படியிலும் அக்கா அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். முதலில் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, அவனுக்கு நேரமில்லை என்று அவளே பென்சிலில் போட்டு வைத்தாள். அதன்மேல் அவன் பேனாவால் எழுதிக் கொடுத்தான். கடையில் கூட்டமில்லாத வேளைகளில் அவனுடைய புத்தகத்தைப் படிப்பாள். வீட்டுக்கு வந்து, "இந்தப் பாடத்தைக் கண்டுபிடிச்சவனுக்கு ஒரு கும்பிடு போடணும்டா. எவ்வளவு அழகா யோசிச்சிருக்கான் பாரு" என்பாள். அப்படி அவள் முகம் மலர்கிற ஒவ்வொரு முறையும் அவன் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டைக் கழுவும் சாக்கில் எழுந்துவிடுவான்.

மூன்றாம் ஆண்டில் ஆளுக்கொரு கூட்டாளியோடு ஒரு வேலையிடத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். நர்ஸம்மா அவனைத் தேர்ந்தெடுத்தாள். மருத்துவமனை வரிசையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் வேலை முடிந்து நேராக அவன் வீட்டுக்கே வருவதாகச் சொன்னாள். வேண்டாமென்று அவன் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தான். "உங்க வீடு என் வழியிலதானே இருக்கு" என்று வந்தே விட்டாள்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு, விரித்துக் கிடந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஆளுங்க நாள் பூரா ஒரே சீரா வர்றதா வச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்களே. காலையில மொய்ப்பாங்க, மத்தியானம் ஈ ஓட்ட வேண்டியதுதான். எங்க கடையிலயே அப்படித்தான்."

நர்ஸம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எங்க படிச்சீங்க?"

"நான் ஸ்கூலோட சரி."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கீங்க? நான் சேர்ந்த மாதிரி நீங்களும் சேரலாமே!"

அக்கா புரியாமல் நின்றாள். நர்ஸம்மா அந்தத் தனி வழியைப் பற்றி அடிமுதல் நுனிவரை சொன்னாள். சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, முதல் வாரமே உன்கிட்ட சொன்னேனே. வீட்ல சொல்லலையா?" என்றாள். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை.

"மறந்துட்டேன்" என்றான் அவன்.

அக்கா அவனைப் பார்த்தாள். "மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அக்கா கடைக்கு லீவு போட்டாள். அவனையும் கூட்டிக்கொண்டு துறைத்தலைவரைப் பார்க்கப் போனாள். நல்ல புடவை உடுத்தியிருந்தாள். வழியில், கால்குலஸ் கேட்பார்களா, இயற்பியலில் எந்தப் பகுதி என்று கேட்டுக்கொண்டே வந்தாள். துறைத்தலைவர் நல்ல மனிதர். அவளை உட்கார வைத்து இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது பதிலில் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். ஆனால் கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தச் சேர்க்கையைப் போன வருஷத்தோட நிறுத்திட்டாங்கம்மா. மேலிடத்து முடிவு. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். போன வருஷம் வந்திருந்தீங்கன்னா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"பரவாயில்ல சார்" என்றாள் அக்கா. எழுந்து கும்பிட்டாள். வெளியே வந்ததும் அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஞாபகப்படுத்தினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்து இருக்கையில் உட்காரப் பயந்து, இடமிருந்தும் பின்னால் போய் நின்றான்.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் போடவில்லை. அன்று சாயங்காலம் அவன் வழக்கம்போல ஓ.ஆர். தாளை மேஜையில் வைத்தான். அவள் அதை மெல்ல அவன் பக்கமே தள்ளிவிட்டாள்.

"தலை வலிக்குதுடா. நீயே போடு."

மறுநாளும் தலை வலித்தது. அதற்குப் பிறகு அவன் தாளை மேஜையில் வைப்பதை நிறுத்திக்கொண்டான்.

அந்த ஓ.ஆர். தேர்வில் அவன் தோற்றான். திரும்ப எழுதினான், மறுபடியும் தோற்றான். அந்தப் பாடத்தைத் தாண்டாமல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அனுமதி இல்லை. அவனோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போனார்கள். நர்ஸம்மாவும் போனாள். அவன் ஜூனியர் பையன்களோடு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து தட்டுத்தடுமாறிப் படித்தான். ஒரு நாள் நூலகத்தில் ஒரு கணக்கு தானாகவே முடிச்சவிழ்ந்தது. எவ்வளவு அழகு என்று அவனுக்கும் தோன்றியது. உடனே வீட்டுக்கு ஓடிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது என்று நினைத்ததும் புத்தகத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ஒருவழியாகப் பட்டம் வந்தது. ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் வேலையும் கிடைத்தது. அக்கா அவனுக்கு இரண்டு சட்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குக் கிளம்பியவன், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவளிடம் போய் நின்றான்.

"அக்கா, அன்னைக்கு மறந்துட்டேன்னு சொன்னேன்ல. மறக்கல. மறைச்சேன்."

அவள் அப்பாவின் வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். இரு முனைகளையும் இழுத்துச் சமமாக்கினாள். கிளிப்பு மாட்டினாள்.

"எதுக்கு இப்ப சொல்றே?"

"மனசு கேக்கல."

"சொன்னதுல உனக்கு பாரம் இறங்கியிருக்கும். நான் அதை எங்கடா கொண்டு போய் வைப்பேன்?"

அவன் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து நீட்டினான். வாளி காலியானதும் அவள் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "பஸ் போயிடும், கிளம்பு" என்ற குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது.

அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தொழிற்சாலையில் கேட்டு, விடியும் முன்பே தொடங்கி மதியத்தோடு முடிகிற ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். மதியத்துக்கு மேல் அப்பாவின் குளியல், சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் அவன் பொறுப்பு. அக்காவிடம், "உனக்கு இனி சாயங்காலம் வேலை இல்ல" என்று மட்டும் சொன்னான். அவள் நன்றி சொல்லவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவளுடைய பையில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. நர்ஸம்மா சொல்லி, வேறொரு கல்லூரியில் மாலை வகுப்பில் கணக்குப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். இன்ஜினியரிங் இல்லை. அவள் விரும்பியது அதுதானா என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தான்.

வீட்டில் பேச்சு நின்றுபோகவில்லை. அவள் அவனைக் கிண்டல் செய்வாள், அப்பாவோடு சேர்ந்து சிரிப்பாள், காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். ஆனால் அவன் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். பத்திரிகையைப் புரட்டும்போது பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போவார்களே, அதுபோல அந்த ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுவாள்.

அவள் பட்டம் வாங்கும் விழாவுக்கு ஒரு மாணவருக்கு இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்கள். அனுமதிச் சீட்டுகள் வந்த அன்று ஒன்றை அப்பாவின் தலையணைக்கடியில் வைத்தாள். இன்னொன்றுக்கு நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். அவன் அப்போது அடுத்த அறையில் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலர் சுருக்கத்தை வெகுநேரம் தேய்த்தான்.

விழா அன்று அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அரங்கத்தின் வாசல் வரைக்கும் போனான். அங்கே நர்ஸம்மா கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். "நீ வரலையா தம்பி?" என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். கதவு மூடியது.

உள்ளே பேர் படிக்கிற சத்தம் வெளியே தெளிவாகக் கேட்கவில்லை. கைதட்டல்தான் கேட்டது. ஓய்ந்தது, மறுபடியும் கேட்டது. எது அக்காவுக்கு என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவன் சுவரோரமாக நின்று, உள்ளே கைதட்டிய ஒவ்வொரு முறையும் தானும் தட்டினான். வாசல் காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று தட்டினான்.

வெயில் ஏறிய பிறகு எல்லோரும் வெளியே வந்தார்கள். அங்கியும் தொப்பியுமாக அக்கா வந்தாள். அப்பா அழுதிருந்தார். நர்ஸம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா தன் தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்து, சாய்வைச் சரி செய்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். சிவந்துபோயிருந்த அவன் உள்ளங்கைகளை ஒரு கணம் பார்த்தாள்.

"பசி உயிர் போகுது. போய் ஒரு வண்டி பிடிச்சுட்டு வா" என்றாள்.

அவன் சாலையை நோக்கி ஓடினான்.