சிலுவை போட்ட முட்டைகள்

பாக்கியமேரியின் கோழிகளுக்குக் கழுத்தில் இறகு கிடையாது. பிறவியிலேயே மொட்டைக்கழுத்து. சிவந்து நீண்ட அந்தக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவை தெருவில் நடந்தால், சட்டைக் காலர் கிழிந்த மிராசுதார்கள் நிலம் பார்க்கக் கிளம்பியதுபோல இருக்கும். சாலவாக்கத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் வேறு யாரிடமும் அந்த இனம் இல்லை. கீரி எதிரே வந்தால் கீரிதான் ஒதுங்கும். ஒருமுறை அவற்றில் ஒரு சேவல் டவுன் பஸ்ஸை மறித்து நிற்க, டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, பஸ் பின்பக்கமாகவே உத்திரமேரூர் வரைக்கும் போனதாகச் சத்தியம் செய்கிறவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

பஸ்ஸுக்கு அசையாத அந்தக் கோழிகளை இந்தப் பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போனது. காலையில் இரை பொறுக்கியது மாலையில் தலையைத் தொங்கப்போட்டது. ஊரில் ஒரு கூண்டும் தப்பவில்லை. விடிந்ததைச் சொல்லச் சேவல் இல்லாமல் சூரியனே தயங்கித் தயங்கித்தான் வந்தது.

பாக்கியமேரிக்கு நிலம் இல்லை, மாடு இல்லை. நடவுக்கும் நூறு நாள் திட்டத்து ஏரி வேலைக்கும் போகிற கை. இது என்னுடையது என்று விரல் நீட்டிக் காட்ட அவளிடம் இருந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான். கல்யாணமாகி வந்த அன்று கூடையில் வைத்துக் கொண்டுவந்த ஒற்றைப் பெட்டையின் வம்சம். கடைசிக் கோழியையும் முருங்கைமரத்தடியில் புதைத்து, கூண்டைக் கொளுத்தி, வாசல் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்துவிட்டு உள்ளே வந்தவளின் கண்ணில் தவிட்டுப் பானை பட்டது. நோய் வருவதற்கு முன் இட்ட முட்டைகள் அதில் இருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். வம்சம் மொத்தமும் இப்போது ஒரு பானைக்குள்.

அடைக்கு உட்காரக் கோழி வேண்டுமே! பக்கத்து வீட்டு அம்முலுவிடம் ஓடினாள்.

“அடக்கோழிக்கு நான் எங்க போவேன் மேரிக்கா? என்னுதும்தான் பூட்ச்சி. ஊர்ல இப்ப ரெண்டு கால்ல நடக்கறது நம்பதான். பேசாம நீயே குந்திக்கோ.”

“குந்துவேன்டி. ஏரி வேலைக்கு உங்கப்பனா போவாரு?”

சிரித்துவிட்டுத்தான் திரும்பினாள். வீட்டுக்குள் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் டி.வி. பழுது பார்க்கும் சடையப்பன்தான் வழி சொன்னான். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன், சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்து ஏற்றுகிற ஒரு சின்னக் கருவி, மூடியில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் சன்னல். இன்குபேட்டர் என்றான் அவன்.

“இதுல கூழாங்கல்ல வெச்சாலும் கீச்சு கீச்சுனு வரும்க்கா. எடுத்துக்கினு போ. பொறக்கறதுல ஒரு சேவல எனக்குக் குடுத்துடு, போதும். ஆனா கேட்டுக்கோ. கிண்ணத்துல தண்ணி வத்தக் கூடாது. காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி முட்டயப் பொரட்டிப் போடணும். எது பொரட்டினது, எது பொரட்டாததுன்னு தெரியறதுக்கு ஒரு பக்கம் எக்ஸு, இன்னொரு பக்கம் ஓ போட்டு வெச்சிக்கோ. கடைசி மூணு நாள் பொரட்டாத. மூடியத் தொறக்கவே தொறக்காத. உள்ள ஈரம் போச்சுனா தோலு காஞ்சி குஞ்ச இறுக்கிப் புடிச்சிக்கும். சாமியே வந்து கேட்டாலும் தொறக்காத.”

வீட்டுக்கு வந்து கரித்துண்டும் கையுமாக உட்கார்ந்த பாக்கியமேரிக்கு எக்ஸ் போடக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் சிலேட்டு முழுக்க வாத்தியார் போட்டுத் தள்ளிய குறி அது. தப்பு. வட்டத்தில் அவளுக்கு வருத்தம் இல்லை. முட்டைமேல் முட்டை போடுவதில் என்ன குற்றம்? ஆனால் பொரிக்கப் போகிற முட்டையின்மேல் தப்புக் குறி போட்டால் விளங்குமா? கொஞ்சம் யோசித்தாள். சாய்ந்திருந்த இரண்டு கோடுகளையும் நிமிர்த்திவிட்டாள். ஒன்று நெட்டுக்குத்து, ஒன்று குறுக்கு. தப்பு தப்பாக இல்லாமல் போயிற்று; மனசும் அடங்கியது.

பெட்டியைப் புருஷன் ஐசக்கின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அறுப்பு சமயத்தில் லாரியிலிருந்து நெல்மூட்டை சரிந்து விழுந்ததில் அவருக்குத் தொடை எலும்பு போயிருந்தது. உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். ஊன்றுகோலும் பைபிளுமாக நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்தார்.

“தண்ணி வத்துதா, பல்பு எரியுதான்னு மட்டும் பாரு. வேற ஒண்ணும் பண்ணாத” என்று சொல்லிவிட்டு அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனாள். முட்டையைப் புரட்டுகிற விஷயத்தைச் சொல்லவில்லை. படுத்திருக்கிற மனுஷனுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டாள்.

ஐசக் சன்னல் வழியாக உள்ளே பார்த்தார். முட்டைக்கு முட்டை சிலுவை. மனுஷன் கைகூப்பிவிட்டார். எட்டிப் பார்த்த அம்முலுவிடம், “ஜெபம் பண்ணி சிலுவ போட்டு வெச்சிக்கீறா” என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து பாக்கியமேரிக்கு ஒரு குழப்பம். வட்டம் மேலே இருக்கும்படி புரட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் சிலுவைதான் மேலே இருக்கும். சாயங்காலம் மறுபடியும் புரட்டுவாள். விடிந்து பார்த்தால் மறுபடியும் சிலுவை.

“நீ முட்டயப் பொரட்டினியா?”

“நான் இன்னாத்துக்குமே பொரட்டப் போறேன்?” என்றார் ஐசக். அதில் பொய் இல்லை. அவர் கணக்கில் அவர் புரட்டவில்லை. குப்புறக் கிடந்ததை நேரே வைத்தார்.

ஏரி வெயிலில் மண்டை கலங்கிவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டாள். ஒரு பகல் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போனபோது ஊரில் இருந்த கம்பளி எல்லாம் அந்தப் பெட்டிமேல் ஏறியது. சித்திரை வெயிலில் கம்பளிக்கு ஆலாய்ப் பறந்த ஊர் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இருட்டு மூலையில் ஒவ்வொரு முட்டையின் பின்னாலும் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஒன்றிரண்டு கூமுட்டை. மீதி அத்தனையிலும் சிவப்பு நூல் ஓடியது. நூலுக்கு நடுவே ஒரு புள்ளி துடித்தது. டார்ச்சை அணைத்து, முட்டையை அப்படியே பெட்டிக்குள் வைத்தாள்.

கடைசி மூன்று நாள் வந்தது. கடைசியாக ஒருமுறை புரட்டினாள், வட்டம் மேலே. உடனே மூடியைப் போட்டு டேப் ஒட்டினாள்.

“யோவ், கேட்டுக்கோ. இனிமே இதுல யாரும் கை வெக்கக் கூடாது. தொறந்தா எல்லாம் பூடும்.”

“நான் ஏன் தொறக்கறேன்?”

முதல் நாள் ஐசக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டாம் நாள் உபவாசம் இருந்தார். வயிறு சரியில்லை போல என்று அவள் மோர் கரைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை, பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சு கீச்சு. சன்னலில் கண்ணை வைத்தாள். மூன்று நான்கு முட்டைகளில் மேல்பக்கம் மிளகளவு ஓட்டை. ஓட்டைக்குள் அலகு நுனி.

“வந்துட்ச்சி! என் ராஜாத்திங்க வந்துட்ச்சி!” ஏரியில் நின்று போட்டோ எடுத்தால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும். போட்டோவுக்கு நின்றுவிட்டு ஓடி வந்துவிடுவதாகச் சொல்லி ஓடினாள்.

ஐசக் தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். குஞ்சுகள் பிறக்கப் போகின்றன. பிறந்ததும் சிலுவையை மிதித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால்தான் கத்துகின்றனவோ? அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஊன்றுகோலை வைத்துவிட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்தார். டேப்பைப் பிரித்தார். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, ஒரு சின்ன ஜெபம் சொல்லி, நேரே வைத்தார். அவசரப்படவே இல்லை. கதவு வழியாக அனல்காற்று வந்து அந்தப் பெட்டியில் இருந்த ஈரத்தை நக்கிக்கொண்டு போனது.

பாக்கியமேரி வந்தபோது டேப் கோணலாக இருந்தது. சன்னலில் பார்த்தாள். சிலுவை, சிலுவை, சிலுவை. ஓட்டைகள் எல்லாம் அடியில். சத்தம் இல்லை.

“யாருய்யா தொறந்தது?”

“நேரே வெச்சேன் மேரி. குப்புறக் கெடந்துச்சி. தெனமும் நான்தான் நேரே வெப்பேன். சிலுவய அப்டிப் போட்டு வெச்சா மனசு எப்டிமே கேக்கும்?”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அது சிலுவ இல்லய்யா” என்றாள். “அது தப்பு. வாத்தியார் போடற தப்பு. தப்புன்னு போட மனசு வராம நேரா போட்டேன்.”

ஐசக் சன்னலில் கண்ணை வைத்து மறுபடியும் பார்த்தார்.

சடையப்பனுக்குப் போன் அடித்தாள். “வெதுவெதுன்னு தண்ணியில துணிய நனச்சி ஓட்ட மேல ஒத்தி எடுக்கா. பிச்சிடாத. பிச்சினா ரத்தம் பூடும்” என்றான். அவன் குரலில் கூழாங்கல்லைப் பொரிக்கிற ஜம்பம் இல்லை.

ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள். முதலாவது பேசவில்லை. அடுத்ததும் பேசவில்லை. ஒன்றில் அலகு வெளியே தெரிந்தபடியே விறைத்திருந்தது. கண்ணீரைத் துடைக்கவும் கை ஒழியாமல் அடுத்ததை எடுத்தாள். ஏதோ ஒன்றிலிருந்து நூலிழையாக ஒரு சத்தம் வந்தது.

“இத்தப் புடி. தண்ணி ஆறிடக் கூடாது” என்று அதை ஐசக்கின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஏந்திக்கொள்ள, அவள் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினாள். மத்தியானம் முழுக்க ஒற்றினாள். காய்ந்து ஒட்டியிருந்த தோல் இளகி இளகி, பொழுது சாய்கிற நேரத்தில் ஓடு இரண்டாகி, ஈரக்குச்சி மாதிரி ஒரு ஜீவன் அவர் கையில் கிடந்தது. கழுத்தில் ஒரு மயிர் இல்லை. மிராசுதாரேதான்.

மற்றவை எதுவும் அசையவில்லை.

வந்து பார்த்த அம்முலு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “ஒத்தையாப் பூட்ச்சேக்கா. சேவலா பெட்டையான்னு எப்பத் தெரியறது! ஆனா எதுவா இருந்தா இன்னா? வெளியூர்க் கோழிகூடச் சேத்துவுட்டாலும் பாதிக்கு மொட்டக்கழுத்து எறங்கும்.”

“சேவலா இருந்தா சடையப்பனுக்குன்னு சொல்லிக்கீறேனேடி.”

ஒற்றைக் குஞ்சு, துணை கேட்டு, ஊரே கேட்கும்படி கத்தியது. ஐசக் அதை எடுத்துச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டார். கத்தல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாக்கியமேரி மீதி முட்டைகளை முறத்தில் எடுத்துக்கொண்டு முருங்கைமரத்தடிக்குப் போனாள். குழி தோண்டி எல்லாவற்றையும் இறக்கினாள். மண்ணைத் தள்ளக் கையை வைத்தவள் நின்றாள். ஓரத்தில் ஒன்று மட்டும் வட்டம் மேலே தெரியக் கிடந்தது. குனிந்து, அதை நேரே வைத்தாள்.