சுவரில் மிச்சமிருக்கும் சீசியம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தா என்று உறவினர்கள் கேட்டபோது, புகழ்ந்து எழுத எனக்கு வராது என்றேன். சரியான பிடிவாதக்காரர். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிறந்தது வேலூர், வளர்ந்தது பெங்களூர் ஆஸ்டின் டவுன். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், டியூஷன் எடுத்துக்கொண்டே படித்து, தங்கை என்னையும் கரையேற்றினார். தொண்ணூறுகளில் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் கடைசிவரை ஒரே வேலையைத்தான் செய்தார். ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்து, வேகமாக ஓடவிட்டு, கடைசியில் அதைப் பறித்துவிட வேண்டும். அப்போதுதான் அணு, சூரியனைப் போல அணுக்களை இணைத்து எரியும் இணைவு உலையின் காந்த வேலியைத் தாண்டி உள்ளே போகுமாம்.

"புடுங்கறதுக்கு எதுக்குடா குடுக்கணும்?" என்பார் அம்மா.

"குடுக்கலைன்னா ஓடாதும்மா" என்பார் அண்ணன்.

அந்த எலக்ட்ரானைக் கொடுக்க உதவுவது சீசியம் என்ற உலோகம். அதை ஆவியாக்கி, இந்த வேலை நடக்கும் உலோகக் கலத்தின் உட்சுவரில் படியவிடுவார்கள். கடைசியாக அதைச் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்றே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார்.

பால் தெளித்த மறுநாள், அவருடன் வேலை பார்த்த மஞ்சுநாத் வந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சொன்னார்: சீசியக் குழாயை மூடிவிட்டார்களாம், ஆனாலும் அண்ணன் படியவிட்டதிலேயே எலக்ட்ரான் ஏறிய அணுக்களின் ஓட்டம், அந்த அயனிக் கற்றை, இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம். அன்றிலிருந்து மாலையானால் அம்மா மஞ்சுநாத்துக்குப் போன் போடச் சொல்வார். "இன்னும் வருதாப்பா?" குறைந்திருக்கிறது, ஆனால் வருகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார்.

பிறகு உள்ளே ஒரு தகடு பழுதானது. கலத்தைத் திறந்து துடைத்தாக வேண்டும். அம்மாவிடம் கேட்காமல் திறக்க மஞ்சுநாத்துக்கு மனம் வரவில்லை. காரியத்துக்கு முந்தின நாள் அம்மாவை அழைத்துப் போனோம். புரை விழுந்த கண்கள்; கலத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளஞ்சிவப்பு ஒளி தெரிந்ததோ என்னவோ, வெகுநேரம் நின்றார்.

"அவனுக்கு வேலை முடிஞ்சிது. வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்.

சீசியத்துக்குத் தண்ணீர் ஆகாது; ஈரத்துணி பட்டதும் சுவர் சீறியதாம். அதன்பின் அம்மா கேட்கவில்லை. இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நான்தான் மாலையில் போன் மணி அடித்தால் அம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எடுக்கிறேன்.

தோள் கொடுத்தவர்கள், பதினாறு நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்ட நீலசந்திராவில் இருக்கும் சித்தி, ஆய்வுக்கூட நண்பர்கள், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கலத்தைத் துடைத்து மூடியதும், புதிதாகச் சீசியம் போடும் முன், சும்மா ஓட்டிப் பார்த்தார்களாம். வர வேண்டியதைவிடக் கற்றை கூடுதலாக வந்ததாம். "எவ்ளோ தொடச்சாலும் செவுத்துல நிக்குதுக்கா" என்றார் மஞ்சுநாத்.

அம்மாவால் இப்போது படிக்க முடியாது. தயவுசெய்து யாரும் இந்த மலரை அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.