சிவாவின் பின்சில்லு

எனக்குப் பொறாமை பிடித்தது சாய்ந்தமருது மீன் சந்தையில் வைத்து.

கீரி மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். வழக்கமாக எனக்கு மீன் நிறுக்கிற லாபிர், தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"சேர், நீங்க இப்ப சைக்கிள் ஓடுறல்லையா?"

"ஓடுறனே. ஏன்?"

"இல்ல... போன ஞாயித்துக்கிழம உங்கட சிவா அண்ணன நிந்தவூர் ரோட்டுல கண்டன். கூட ஒரு வெள்ளப் பொடியன். ரெண்டு பேரும் என்னா ஓட்டம் சேர்! நல்ல சோடி."

நல்ல சோடி!

மீன் பையை வாங்கினேனா, காசு கொடுத்தேனா – ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மீன் இருந்தது. ஆகவே கொடுத்திருப்பேன்.

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கணக்குப் படிப்பிக்கிற வேலை போக, எனக்கு இருக்கிற ஒரே கிறுக்கு சைக்கிள். நான் சம்பியன் இல்லை. ஐம்பது வயதும் அதற்கேற்ற வயிறும் உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரன். அவ்வளவுதான்.

எங்கள் கரையில் சைக்கிள்காரனுக்கென்று ஒரு பருவம் உண்டு. நெல் வேளாண்மை வெட்டி முடிந்து, மாரி மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கிற கொஞ்ச நாள். வயல் வீதிகள் காய்ந்து கிடக்கும். வெயிலின் கொடுமை இளகும். பந்தயங்களும் அப்போதுதான். அந்த நாட்களுக்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்போம் – நானும் சிவாவும்.

சிவா கல்முனையில் படகு எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். மீன்பிடிக் குடும்பம். கதவு மாதிரி அகலமான முதுகு. அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நான் காரைதீவுச் சந்திக்கு வரும்போது, அவன் வந்து நின்று ஒரு பிளேன்டீயும் குடித்து முடித்திருப்பான். பல வருடமாக இப்படித்தான்.

அந்த அகலமான முதுகுதான் இந்தக் கதையில் முக்கியம். எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது தெரியும். முன்னால் போகிறவன் காற்றை உடைத்துக்கொண்டு போவான். அவனுடைய பின்சில்லோடு, அதாவது பின்சக்கரத்தோடு, ஒட்டினாற்போல் ஓடுகிறவனுக்குப் பாதிக் கஷ்டம்தான். அந்த இடம் என்னுடையது. சிவாவின் பின்சில்லுக்குப் பின்னால். யாரும் எழுதித் தரவில்லை... ஆனாலும் என்னுடையது!

தங்கச்சி மகளின் கலியாணம் என்று ஒரே ஒரு ஞாயிறு போகவில்லை. அதற்குள் ஆள் வந்துவிட்டார்.

அடுத்த கிழமை சந்தியில் அவரைக் கண்டேன். டொக்டர் இம்தியாஸ். பல் டொக்டர். கண்டிப் பக்கத்து ஆள், இங்கே மாற்றலாகி வந்திருக்கிறார். முப்பது வயது சொல்லலாம், நல்ல வெள்ளை நிறம். அவருடைய சைக்கிளை ஒரு விரலில் தூக்கிக் காட்டினார். சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிந்தது. எல்லாப் பல்லும் ஒழுங்காகவும் இருந்தது.

"நானா, உங்களப் பத்தி சிவா அண்ணன் நெறய சொன்னாரு" என்றார்.

எங்கள் ஊர்களில் முஸ்லிம் அண்ணனை 'காக்கா' என்பார்கள். கண்டிக்காரர் 'நானா' என்றார். அதிலும் ஒரு மரியாதை இருந்தது. மரியாதை இல்லாத ஆளாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஓடத் தொடங்கினோம். மாவடிப்பள்ளிப் பக்கம் திரும்பி, வயல்வெளிக் காற்று முகத்தில் அடித்ததுதான் தாமதம் – டொக்டர் என் இடத்தில் இருந்தார். சிவாவின் பின்சில்லுக்குப் பின்னால். நான் மூன்றாவது.

மூன்றாவது ஆளுக்கும் காற்று குறைவுதான். பௌதிகம் அப்படித்தான் சொல்கிறது. மனசு பௌதிகம் படிக்கவில்லையே... என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டேன். என் மனைவி நஸீரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, என்ன நடந்த? சக்களத்தி வந்த மாதிரி மூஞ்ச வெச்சிட்டு இரிக்கீங்க?"

"ஒண்டுமில்ல. சிவா புதுசா ஒரு ஆளக் கூட்டி வந்திரிக்கான்."

"அதுக்கு?"

அதுக்கு என்ன? தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

பிறகு பந்தயம் வந்தது. கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை, கரையோர வீதியில். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடக்கம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிசு தனி. நானும் சிவாவும் வருடா வருடம் ஓடுவோம். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் – ஒருவன் பின்தங்கினால் மற்றவன் நின்று கூட்டிக்கொண்டு போவான். வெற்றி தோல்வி ரெண்டாவது.

நிந்தவூர் வரை சிவாவோடும் டொக்டரோடும் நன்றாகவே போனேன். ஒலுவில் கடந்தபோது மூச்சு முட்டத் தொடங்கியது. கச்சான் காற்று, அந்த வறண்ட தென்மேற்குக் காற்று, முழுதாக ஓயவில்லை. தெற்கிலிருந்து சாய்ந்து வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அட்டாளைச்சேனைக்குக் கிட்ட எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் இடைவெளி. பிறகு ஒரு லொறி இடைவெளி.

சிவா திரும்பிப் பார்த்தான்.

நான் கை காட்டினேன். கண்டான். நிச்சயமாகக் கண்டான்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, டொக்டரோடு சேர்ந்து மிதித்துப் போய்விட்டான்.

வாசகர்களே, ஒருவர் உங்களைக் காணாமல் விட்டுப் போவது வேறு. கண்டுவிட்டுப் போவது வேறு. அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில் வரை அந்த ஒரு பார்வையைத்தான் நான் மிதித்துக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் வந்தது அம்புலன்ஸ் மட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேடையில் பரிசளிப்பு. டொக்டருக்கு மூன்றாம் இடம். நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் சிவாவுக்கு இரண்டாம் இடம். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். மீன்கார லாபிர் சொன்னது சரிதான். நல்ல சோடி.

டொக்டர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். கையில் வாய் வெட்டிய குரும்பை, உள்ளே இளநீர்.

"நானா, முதல்ல இதக் குடிங்க. பொல்லாத காத்து."

குடித்தேன். இனிப்பான குரும்பை. அந்த ஆளைத் திட்டுவதற்கு ஒரு காரணமாவது தரக்கூடாதா?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகவில்லை. சிவா போன் எடுத்துக் கேட்டான். முழங்கால் நோ என்றேன். முழங்கால் இரும்பு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சிவா வீட்டுக்கே வந்து ஒரு பையை நீட்டினான். முழங்காலுக்குப் போடுகிற பட்டி.

"டொக்டர் தந்து விட்டாரு மச்சான். நல்ல சாமானாம்."

பொய் சொன்னவனுக்குப் பட்டியும் வந்து சேர்ந்தது. நஸீரா அதை எடுத்து அலுமாரியில் வைத்தாள். வைக்கும்போது என் முழங்காலை ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் அவளிடம் எனக்குப் பயம்.

ஆனால் பருவம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மழை. எத்தனை நாளைக்கு நல்ல காலுடன் வீட்டில் குந்தியிருப்பது? ஒரு சனிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல் தனியே புறப்பட்டேன். சாகாமக் குளத்துக்கு. சிவாவும் நானும் இந்த முறை போவதாக இருந்த இடம். அவனை முந்திக்கொண்டு நான் போய் வருவேன். அதை இந்தப் பத்தியில் எழுதுவேன். அவன் வாசிப்பான்! இப்படியெல்லாம் ஒரு ஐம்பது வயது மனிதன் யோசிப்பானா என்று கேட்காதீர்கள். யோசித்தேன்.

வைக்கோல் எரித்த வயல்கள் கரியாகக் கிடந்தன. சில வயல்களில் அடுத்த போக விதைப்புக்கு உழவு மெஷின்கள் இறங்கியிருந்தன. அவற்றின் பின்னால் கொக்குகள். குளக்கட்டில் ஏறினேன். நீர் வற்றி நடுவில் மட்டும் தகடு மாதிரி மின்னியது. அக்கரையில், காட்டோரம், யானைகள். ஒரு தாயும், அதன் காலுக்குள் நுழைந்து நுழைந்து வருகிற ஒரு குட்டியும். குட்டி சேற்றில் சறுக்கி விழுந்தது. எழும்பியது. திரும்பவும் வேண்டுமென்றே விழுந்தது!

"மச்சான், அங்க பாரு–" என்று திரும்பினேன்.

வெறும் குளக்கட்டு.

அங்கே நின்று அந்தக் குட்டியை நெடுநேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தோசம் குறைந்துகொண்டே போனது. அழகான ஒன்றைத் தனியாகப் பார்ப்பது இவ்வளவு எரிச்சலான வேலையா?

போதும் என்று சைக்கிளில் ஏறினேன். பின்டயரில் 'புஸ்' என்றது. நெருஞ்சி முள்.

பயப்படவில்லை. பையில் புது டியூப் இருக்கிறது. எப்போதும் இருக்கும். டியூப் கொண்டுவருவது என் பொறுப்பு. பம்ப் கொண்டுவருவது...

பம்ப் கொண்டுவருவது சிவாவின் பொறுப்பு.

குளக்கட்டில் குந்திவிட்டேன். உழவு மெஷின்காரரிடம் கேட்டேன். அவரிடமும் பம்ப் இல்லை. "ஊருக்குள்ள போனா கிடைக்கும், நல்ல தூரம்" என்று சிரித்துவிட்டு உழவுக்குப் போய்விட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சம் நடந்தேன். வெயில் ஏறியது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தேன்.

"மச்சான்... நான் சாகாமத்துல நிக்கன்."

அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்த எஞ்சின் நின்றது.

"டியூப் இரிக்கா?" என்றான் சிவா.

"இரிக்கி."

"நில்லு, வாறன்."

கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். தனியாகத்தான் வந்தான். டொக்டர் பின்னால் இருக்கிறாரா என்று நான் எட்டிப் பார்த்தது உண்மை.

சில்லைக் கழற்றினான். டியூபை மாற்றினான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்:

"முழங்கால் எப்பிடி?"

"முழங்காலுக்கு ஒண்டுமில்ல."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"பட்டி கொண்டு வந்து தந்தனே, அண்டைக்கு. நோ உள்ளவன் எண்டா சந்தோசப்படுவான். நீ முறைச்சாய்."

அவன் பம்ப் அடிக்கத் தொடங்கினான். எனக்கு அடக்க முடியவில்லை.

"பந்தயத்தண்டு நீ என்னத் திரும்பிப் பாத்தாய். பாத்துட்டுப் போனாய்."

"ஓம். பாத்தன். போனன்."

"ஏன்டா?"

பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான். இவ்வளவு காலத்தில் அவன் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை.

"எத்தின வருசம் மச்சான் உனக்காக நிண்டிருப்பன்? ஒரு வருசமாவது நீ எனக்காக நிண்டியா? நான் பின்தங்கினாத்தானே நீ நிக்க! அது எனக்கு ஒரு கவலையும் இல்ல. ஆனா இந்த முற என்ட மகள் திருக்கோவிலுக்கு வந்து நிண்டாள். ஒருக்கா, அவள்ட கண் முன்னால மேடையில ஏறோணும் எண்டு நினைச்சன். அது பிழையா?"

"பிழையில்ல."

"அதோட காத்து. உனக்கு அது விளங்காது. டொக்டர் வந்த முதல் நாள், காத்து அடிக்கக்குள்ள, கேக்காமலே முன்னுக்கு வந்தாரு. 'அண்ணே, கொஞ்ச நேரம் நீங்க பின்னுக்கு வாங்க' எண்டாரு. எனக்கு ஒருமாதிரிப் போயிட்டு மச்சான். இத்தின வருசத்துல அப்பிடி ஒருத்தரும் என்னட்டச் சொன்னதில்ல."

உள்ளதைச் சொல்கிறேன் – அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொறாமைதான். நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வசனத்தை நேற்று வந்த பல் டொக்டர் சொல்லிவிட்டாரே! வெட்கம் அதற்குப் பிறகுதான், மெதுவாக, எதிர்க்காற்றில் வருகிற மாதிரி வந்தது.

சிவா சில்லை அழுத்திப் பார்த்தான். "சரி, ஓடு. நான் பின்னால வாறன்."

"அக்கரையில யானக்குட்டி ஒண்டு நிக்கி. பாத்துட்டுப் போவமா?"

"இத முதல்ல சொல்றல்லையா?" என்றபடி குளக்கட்டில் ஏறினான்.

குட்டி போகவில்லை. இப்போதும் விழுந்துகொண்டிருந்தது. சிவா தொடையில் அடித்துச் சிரித்தான்.

மறுநாள் ஞாயிறு. மூன்று பேரும் ஒலுவிலுக்கு ஓடினோம். நிந்தவூர் தாண்டியதும் நான் மூச்சை இழுத்துக்கொண்டு இருவரையும் கடந்து முன்னுக்குப் போனேன்.

"மச்சான், பின்னுக்கு வா" என்றேன்.

காற்று என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். சுவரைத் தள்ளிக்கொண்டு போவது போல. தொடை எரிந்தது. காதுக்குள் கடல் இரைந்தது. இதையா இவன் இவ்வளவு வருடம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் செய்தான்?

"நானா, மாறட்டா?" டொக்டரின் குரல்.

"தேவல்ல!"

"விடுங்க டொக்டர், அவன் ஓடட்டும்" என்றான் சிவா. அந்தக் குரலில் ஒரு சுகம் இருந்தது.

ஒலுவில் கரையில், கடல் அரித்து விழுத்திய தென்னைகளுக்குப் பக்கத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு பிளேன்டீ குடித்தோம். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். சிவா என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பரவால்ல மச்சான். உன்ட முதுகும் அகலம்தான்."

அடுத்த பந்தயத்தில் யாருக்காக யார் நிற்பது என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். அவன் நிற்கத் தேவையில்லை என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு, காற்று நிறைந்த டயரையே குனிந்து அழுத்திப் பார்த்தேன்... என் முகத்தை அவன் காணவில்லை.

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? டொக்டருக்கு இன்னும் கலியாணமாகவில்லை. பாவம், தங்கமான மனிதர். நல்ல இடமாகப் பெண் பார்க்கும்படி நஸீராவிடம் நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார் – பொத்துவிலில் பார்த்தால் நல்லது, தூரம் போதும்!