கோடு மேப் ஏற்றிக் கொடுத்தவர்

மலையேறுகிறவர்களுக்குப் பை, பூட்ஸ், கூடாரம் எல்லாம் விற்கும் கடை அது. பின்பக்க மேஜையில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் மேப்காரர் என்பார்கள். கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் எந்த மலைக்கு எந்த வரைபடம் என்று பார்த்து ஏற்றித் தருவது அவர் வேலை. மலையை நம்பித்தான் பிழைப்பு, ஆனால் மனுஷன் தன் வீட்டு மாடிப்படியைத் தவிர எதையும் ஏறியதில்லை.

வீடு என்று சொல்லிக்கொள்ள டயர் கடைக்கு மேலே ஓர் அறை. மனைவி பிரிந்து போய் வருஷக்கணக்காகிறது. மகன் அவளிடம் வளர்ந்தான். அவனைப் பொறுத்தவரை அப்பா இன்னும் அந்தக் கடையில் பூட்ஸ் விற்கிறவர்தான். வேலை மாறியதைச் சொல்ல அவன் பேசினால்தானே! பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவான், அதில் ஒன்று "வச்சிடறேன்".

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் தானாகவே கூப்பிட்டான். நண்பர்களோடு மலைக்குப் போகிறானாம். கடையிலிருந்து ஒரு கருவியை வாடகைக்கு எடுத்து, யாரிடமாவது சொல்லி மேப் ஏற்றித் தர முடியுமா என்றான். சாட்டிலைட் படம் போதும், அந்தக் கோடு கோடாக இருப்பது தலைவலி என்றான். நண்பன் வந்து வாங்கிக்கொள்வான் என்றும், திருப்பித் தரத் தானே வீட்டுக்கு வருவதாகவும் சொன்னான்.

நான்தான்டா அந்த ஆள் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. "சொல்லிப் பாக்கறேன்" என்று மென்று விழுங்கினார். தானே வருகிறேன் என்றானே, அது போதும் அவருக்கு. மேலே ஏறி வந்து ஒரு மணி நேரம் உட்காரமாட்டானா என்று மனசு அடித்துக்கொண்டது.

சாட்டிலைட் படம் அழகுதான், யார் இல்லையென்றது? கூரை தெரியும், பாறை தெரியும். ஆனால் மேலேயிருந்து எடுத்த படத்தில் செங்குத்துப் பள்ளம்கூடப் பாய் விரித்த மாதிரி இருக்கும். மரங்களுக்கு அடியில் போகும் பாதை தெரியவே தெரியாது. போதாக்குறைக்குக் கருவியில் இடத்தை வேறு அடைத்துக்கொள்ளும். அவன் தலைவலி என்ற கோடு மேப்பில், அதாவது டோப்போ மேப்பில், பார்க்க ஒன்றுமில்லை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்து வரைந்த கோடுகள், அவ்வளவுதான். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்று அர்த்தம்.

இரண்டையும் முழுசாக ஏற்ற இடமில்லை. கேட்டதைக் கொடுத்தால் பையன் மனம் குளிர்ந்துபோவான். கோட்டைக் கொடுத்தால் முகம் சுளிப்பான், கருவியை நண்பனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினாலும் அனுப்புவான். மேப்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும் என்று மலை முழுக்கக் கோடு மேப்பை ஏற்றினார். கூடாரம் அடிக்கும் இடங்களுக்கு மட்டும் சாட்டிலைட் படம்.

மலையிலிருந்து திரும்பியதும், சொன்னபடி மகன் வந்தான். அறையில் இருந்தது ஒரே நாற்காலி என்பதால் டயர் கடையில் இன்னொன்று கேட்டு வாங்கி வைத்திருந்தார் மேப்காரர். பையனோ பைக்கைவிட்டு இறங்கவேயில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வாசலிலிருந்தே கருவியை நீட்டினான்.

"ஒரே பனிப்பா. முன்னாடி போறவன் முதுகுகூடத் தெரியல. அந்தக் கோடு மேப் மட்டும் இல்லன்னா நேரா பள்ளத்துலதான் போய் விழுந்திருப்போம். கோடெல்லாம் நெருங்கி வர்றதைப் பாத்துட்டுத் திரும்பிட்டோம்."

மேப்காரர் கருவியை வாங்கிக்கொண்டார். மறு கையால் மாடிப்படியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேணாம்னு சொல்லியும் உங்க கடை ஆளு அதை ஏத்தியிருக்காரு பாருங்க. அவர் நம்பர் வாங்கிக் குடுங்கப்பா, ஒரு வார்த்தை பேசணும்."

வாங்கித் தருகிறேன் என்று இப்போதும் மழுப்பியிருக்கலாம். ஆனால் இந்தத் தடவையும் விட்டால் இவன் போய்விடுவான் என்று தெரிந்தது.

"அந்த நம்பர் உன்கிட்டயே இருக்குடா" என்றார்.

மகனுக்கு உடனே விளங்கவில்லை. போனைக் கையில் எடுத்தவன் அப்படியே நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பிறகு பைக் என்ஜினை அணைத்தான்.